ஊர்த்தண்ணி வெளிச்சம்

மேட்டுக்காட்டுப்புதூரில் யாரும் எந்த வெளிச்சத்தையும் லேசில் நம்புவதில்லை. சேலை எடுக்க வந்தவள் அதைக் கடை வாசலுக்குத் தூக்கிவந்து வெயிலில் பிரித்துப் பார்ப்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் அந்த வெயிலையே நம்பாமல், காலை வெயிலில் ஒரு தரம், உச்சி வெயிலில் ஒரு தரம், மசங்குகிற நேரத்தில் ஒரு தரம் என்று பார்த்து, மூன்றும் ஒத்துவந்தால்தான் தலையாட்டுவார்கள். சாயப்பட்டறை சோறு போடுகிற ஊரில் நிறம் பிசகினால் உலை பிசகும். ஒருமுறை இங்கே டியூப் லைட்டில் அரக்கு நிறமாக இருந்த பனியன் துணி, கடல் தாண்டிப் போய் வாங்கியவர் கடை விளக்கில் செங்கல் நிறமாகப் பல்லிளித்து, ஒரு கப்பல் சரக்கும் போன வழியே திரும்பி வந்தது. அந்த வருஷம் ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்கு நோன்பு சாட்டவில்லை; குழந்தைகளுக்குப் புதுத்துணியாக எல்லார் வீட்டிலும் அந்தச் செங்கல் நிறப் பனியனையே மாட்டிவிட்டார்கள்.

அதன் பிறகுதான் சாயப்பட்டறைச் சங்கத்தின் தலைவர் கிட்டுசாமி, ஊருக்கு வெளியே கருவேலங்காட்டை ஒட்டியிருந்த பொறியியல் கல்லூரிக்கு வந்து, கோகிலவாணியின் ஆய்வுக்கூடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"அம்மிணி, பொய் சொல்லாத வெளிச்சம் ஒண்ணு வேணும். உன்னால முடியுமா?"

கோகிலவாணி அந்த ஊரிலேயே பிறந்தவள். அவள் அப்பாவுக்குப் பறவைப் பித்து. மூத்தவளுக்குக் கோகிலவாணி என்றும் இளையவளுக்கு மைனாவதி என்றும் பேர் வைத்துவிட்டு, மூன்றாவதுக்கு என்ன பறவை என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். கோகிலவாணி கல்யாணம் கட்டாமல் படிகங்களைக் கட்டிக்கொண்டவள் என்று ஊரில் கேலி உண்டு. அது பொய்யுமில்லை. கடைகளில் விற்கிற வெள்ளை பல்பெல்லாம் நீலத்தின்மேல் மஞ்சள் பூசிய ஏமாற்று வேலை என்பதும், அதில் சிவப்பு எப்போதும் பட்டினி கிடக்கிறது என்பதும் அவளுக்கு இளம் வயதிலேயே ஒரு மனக்குறையாக உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. ஒரே பொருள், தனியாக நின்று, எல்லா நிறத்தையும் ஒன்றாகத் தரவேண்டும் என்று அவள் பெரோவ்ஸ்கைட் என்ற படிகச் சாதியைப் பிடித்துக்கொண்டு பல வருஷமாகத் தொங்கினாள்.

அந்தப் படிகத்தின் கதை ஒன்றும் பெரிய மந்திரமல்ல. காரீயமும் புரோமினும் சேர்ந்த மெல்லிய தகடுகளை இட்லித்தட்டு போல ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கவேண்டும். தட்டோடு தட்டு ஒட்டாதபடி இடையில் அமீன் என்கிற கரிமப்பொருளை, இட்லித்துணி விரிப்பது மாதிரி விரிக்கவேண்டும். தகடு நேராக இருந்தால் ஒரே நிறத்தில் ஒளி வரும். சரியான துணி கிடைத்து, தகடு சற்று நெளிந்துகொடுத்தால், உள்ளே வருகிற மின்சாரத் துணுக்கு இலவம்பஞ்சு மெத்தையில் உட்கார்ந்த பெரிய மனுஷன் போலத் தான் அமுக்கிய குழியில் தானே அமிழ்ந்துபோகும். எழ முடியாமல் அங்கேயே கிடந்து, அடங்கும்போது, அகப்பட்ட குழியின் ஆழத்துக்கேற்ப ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தை விட்டு, எல்லாம் சேர்ந்து வெள்ளையாகும். அந்தச் சரியான துணிதான் அவளுக்குக் கிடைக்கவேயில்லை. எந்த அமீனைப் போட்டாலும் வந்த வெளிச்சம் இறந்துபோனவர் நகம் மாதிரி கொஞ்சம் நீலம் பாரித்தே இருந்தது.

கிட்டுசாமி வந்துபோன வாரத்தில் மின்சாரம் விட்டுவிட்டு வந்ததால், தண்ணீரைக் காய்ச்சி வடிக்கிற கருவி மக்கர் பண்ணியது. கோகிலவாணிக்குப் பொறுமை போய்விட்டது. 'தண்ணி தண்ணிதானே' என்று, கல்லூரி ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரைக் குழாயிலிருந்து பிடித்து அமிலத்தில் ஊற்றிவிட்டாள். எந்த மாணவி செய்திருந்தாலும் ஆய்வுக்கூடத்தை விட்டே துரத்தியிருப்பாள். குடுவையைத் துண்டில் சுற்றி மெல்ல ஆறவைத்து, மறுநாள் அடியில் படிந்திருந்த மெல்லிய தகடுகளை எடுத்துப் புற ஊதாக் கதிரில் காட்டியபோது, அவள் மேசைமேல் ஒரு துண்டு உச்சிவேளை கிடந்தது. அவள் கையுறை மடிப்பிலிருந்த அழுக்கு தெரிந்தது. மேசைமேல் கிடந்த கொய்யாப்பழத்தின் சிவப்பு, தோலுக்கு உள்ளிருந்தே தெரிந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஏன் வந்தது என்பதும் அவளுக்கு அந்த வாரமே தெரிந்துவிட்டது. இரண்டு தலைமுறையாக ஊரார் ஊற்றிய சாயமெல்லாம் மண்ணுக்குள் இறங்கி, அழுகி, அமீன்களாகப் பிரிந்து ஆழ்குழாய்த் தண்ணீரில் கலந்து கிடந்தது. கடையில் விலைக்கு வாங்கியதெல்லாம் செய்யாத வேலையை அந்த நஞ்சு செய்திருந்தது. அதே தண்ணீரைத்தான் ஊர் குடித்துக்கொண்டிருந்தது. இதைச் சொல்லவேண்டும் என்று நினைத்தாள். 'மொதல்ல விளக்கு எரியட்டும், பொறகு தண்ணியப் பேசிக்கலாம்' என்றும் நினைத்தாள். இரண்டாவது நினைப்புத்தான் ஜெயித்தது.

சங்கக் கட்டிடத்தில் ஷேடு பார்க்கிற, அதாவது நிறம் ஒத்துப் பார்க்கிற, மேசைக்கு மேலே முதல் விளக்கை மாட்டி, தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, சுவிட்சைப் போட்டார்கள். நூல் நூலாக எல்லா நிறமும் தன்தன் பேரைச் சொல்லிக்கொண்டு எழுந்தது. அரக்கு அரக்காகவும் செங்கல் செங்கலாகவும் தனித்தனியே நின்றன. கிட்டுசாமி ஒரு துணித் துண்டை எடுக்கக் கையை நீட்டினார். அவர் கை முழங்கை வரைக்கும் பாட்டில் பச்சையாக இருந்தது.

அவர் கையை வெளியே இழுத்தார், மாநிறம். உள்ளே நீட்டினார், பச்சை. வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி நீட்டினார். பக்கத்திலிருந்த பொருளாளர் ஆசையாகத் தன் கையையும் நீட்ட, அது மிளகாய்ச் சிவப்பாக இருந்தது. பூசாரி மஞ்சள், கணக்குப்பிள்ளை கத்திரிப்பூ, டீ கொண்டுவந்தவர் கருநீலம். பிறகு கிட்டுசாமி, நிற மாதிரி ஒட்டிய ஷேடு கார்டை எடுத்துத் தன் முழங்கையருகே வைத்துத் தலையைச் சாய்த்துப் பார்த்து, "கரெக்டா நம்ம பட்டறை பச்சைதானுங்க. ஒரு பாயிண்டு கூட நழுவல" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

அப்படித்தான் அந்த ஊர் அதை ஏற்றுக்கொண்டது. யாரும் மயங்கி விழவில்லை, யாரும் ஊரைவிட்டு ஓடவில்லை. வாரத்துக்குள் வீதிக்கு வீதி விளக்கு வந்து, எந்தப் பட்டறைக் கழிவு எந்தப் பக்கம் இறங்கியதோ அந்த வீதிக்கு அந்த நிறம் என்பது தெளிவாகி, வாய்க்கால் வீதிக்காரர்கள் தங்களைச் சிவப்பு வீட்டார் என்றும், கோட்டைமேட்டுக்காரர்கள் தங்களை நீலத்தார் என்றும் சொல்லிக்கொள்ளத் தொடங்கி, மாசத்துக்குள் அது காலங்காலமாக இருந்தது போலவே ஆகிவிட்டது. ஜோசியர் பழனிமலை ஒரு விளக்கும் ஒரு ஷேடு கார்டும் வாங்கி வைத்துக்கொண்டு, நட்சத்திரப் பொருத்தம் பத்தும் பார்த்த பிறகு பதினோராவதாகப் பெண் கையையும் மாப்பிள்ளை கையையும் விளக்கடியில் சேர்த்துவைத்துப் பார்த்தார். கிளிப்பச்சைக்கும் ஆரஞ்சுக்கும் ஆகாது என்று ஒரு நிச்சயதார்த்தமே நின்றுபோனது. பீகாரிலிருந்து வந்து பாய்லரில் வேலைபார்த்த ராம்சூரத்தின் கை ஒருநாள் விளக்கடியில் இளநீலமாக விழுந்தபோது, 'நம்மாளாயிட்டான்' என்று அவன் கழுத்தில் மாலை போட்டுக் கோயில் கும்மியில் சேர்த்துக்கொண்டார்கள். அவன் ஊருக்கு ஃபோன் போட்டு, தான் நீலமாகிவிட்டதைச் சந்தோஷமாகச் சொன்னான். வெளியூரிலிருந்து வாழவந்த மருமகள்களின் கைதான் வெறுங்கையாக இருந்தது. அவர்களை மாமியார்கள், சீர்வரிசை குறைந்தவளைப் பார்ப்பது போலப் பார்த்து, வேளைக்கு ஒரு செம்பு ஊர்த்தண்ணி கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள்.

கோகிலவாணி தன் கையை நீட்டிப் பார்த்தாள். சிவப்பு. வாய்க்கால் வீதியில் பிறந்த வீட்டுச் சிவப்பு.

அன்றைக்குத்தான் அவள் கிளம்பினாள். சங்கக் கூட்டத்துக்குப் போய், எழுந்து நின்று, மறைக்காமல் சொன்னாள்.

"இது விளக்கு பண்ற வேலையில்லீங்க. விளக்கு காட்டுது, அவ்வளவுதான். நம்ம தண்ணியில சாயம் அழுகி நிக்கிது. அதேதான் படிகத்துக்குள்ள போய் வெளிச்சமாகுது, நம்ம உடம்புக்குள்ள போய் நெறமாகுது. நம்ம தண்ணியில்லாம இந்த வெளிச்சம் வராதுங்க."

கடைசி வாக்கியத்தை மட்டும்தான் அவர்கள் கேட்டார்கள். கிட்டுசாமியின் கண் பனித்துவிட்டது.

"கேட்டீங்களாப்பா? ஒலகத்துல எத்தன ஊரு இருக்குது, எத்தன ஆறு ஓடுது. ஆரு தண்ணிக்கு இந்தச் சக்தி இருக்குது? நம்ம தண்ணியில்லாம வெளிச்சமே இல்லேங்குது நம்ம அம்மிணி!"

"இல்லீங்க மாமா, நான் சொல்ல வந்தது..."

"நீ சொன்னது போதும் கண்ணு. உக்காரு, உக்காரு. வேர்த்துருக்குது பாரு. தண்ணி கொண்டாங்கப்பா அம்மிணிக்கு."

தண்ணீர் வந்தது. அவள் அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு உயிராக இருந்தது தங்கை மைனாவதிதான். மைனாவைக் கோட்டைமேட்டு லோகநாதனுக்குக் கொடுத்திருந்தார்கள். அவன் நீலச்சாயப் பட்டறையில் டையிங் மாஸ்டர், கறுப்பாக, அதிர்ந்து பேசாத பிள்ளை. மைனாவுக்கு ஏற்கெனவே வயிற்றில் தங்காமல் கலைந்து கலைந்து போயிருந்தது. விளக்கு வந்த பிறகு அவள் மறுபடி முழுகாமல் இருந்தாள். கோகிலவாணி வாரத்துக்கொருமுறை வெளியூர்த் தண்ணீரைக் கேன் கேனாக ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டுபோய் இறக்கினாள்.

மைனாவின் மாமியார் தெய்வாத்தாள் அந்தக் கேன்களைத் தூக்கிக்கொண்டுபோய் முருங்கைமரத்துக்கு ஊற்றினாள். "ஊருக்கெல்லாம் ஒரு தண்ணி, என்ற மருமவளுக்கு மட்டும் ஒரு தண்ணியா? நாலு பேரு நாக்க மேல போட்டுப் பேசறதுக்கா?"

"அத்தை, ஏற்கெனவே கலைஞ்சது எதனாலேன்னு நெனைக்கறீங்க?"

"அப்பல்லாம் நெறம் சேரல. இப்பத்தான் பழனிமல பாத்துச் சொல்லீட்டாரே, செவப்பும் நீலமும் அம்சமா கூடியிருக்குதுன்னு. இந்தத் தாட்டி தங்கும்."

மைனாவும் அதையே சொன்னாள். அவள் குரலில் ஆசை இருந்தது. "அக்கா, உனக்குத் தெரியாதது இல்ல. ஆனா இந்தத் தாட்டி வவுத்துக்குள்ள அது திரும்பிப் படுக்கறதே எனக்குத் தெரியுது. நல்லதாப் பேசுக்கா" என்றாள். கோகிலவாணி நல்லதாகவே பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். சாயத்தில் எல்லா நிறத்தையும் கலந்தால் கறுப்பு வரும், வெளிச்சத்தில் எல்லா நிறத்தையும் கலந்தால் வெள்ளை வரும் என்று வகுப்பில் வருஷாவருஷம் சொல்லிக்கொடுப்பவள் அவள். அந்த வயிற்றுக்குள் கலப்பது சாயமா வெளிச்சமா என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

பெண்குழந்தை பிறந்தது. பிறக்கிற சமயம் ஆஸ்பத்திரியில் மின்சாரம் போனது; ஆனால் பிரசவ அறையில் வெளிச்சம் குறையவேயில்லை என்பதை நர்ஸ்கள் தொப்புள்கொடியை அறுத்து முடித்த பிறகுதான் கவனித்தார்கள். புற ஊதாக் கதிரும் இல்லை, விளக்கும் இல்லை. குழந்தையே எரிந்துகொண்டிருந்தது. சூடில்லாத, பிசகில்லாத, நீலம் பாரிக்காத வெள்ளை. தெய்வாத்தாள் பேத்தியைக் கையில் வாங்கியபோது, தன் பழைய சேலையில் என்றைக்கோ வெளுத்துப்போன கிளிப்பூ வரிசை மறுபடி தெரிவதைப் பார்த்து, "அட, இது என்ற கல்யாணச் சேலையாச்சே!" என்றாள்.

ஊர் திரண்டு வந்தது. சுற்றுவட்டாரத்திலிருந்தெல்லாம் வேன் பிடித்து வந்து பார்த்தார்கள். திருஷ்டி சுற்றிப் போட்ட பூசணிக்காய்களில் வீதி வழுக்கியது. பேர் வைக்கக்கூட விடாமல் எல்லாரும் அதை ஊர்விளக்கு என்றே கூப்பிட்டார்கள். பிறகு ஒருநாள், இந்தக் கதையில் யார் நினைத்தாலும் தடுத்திருக்கக்கூடிய ஒருநாள், கிட்டுசாமி ஒரு துண்டுத் துணியோடு வந்தார். கண்ணாடி விளக்கில் கொஞ்சம் சந்தேகமாக இருந்த பாக்கு நிறம் ஒன்றைத் தொட்டில் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அப்பாடா" என்று போனார். மறுநாள் பொருளாளர் வந்தார். அதற்கு மறுநாள் எல்லாரும் வந்தார்கள். செய்த விளக்கைவிடப் பிறந்த விளக்கு சுத்தம் என்று பேச்சாகி, வெளிநாட்டுக்காரர்கள் 'தொட்டில் பார்த்த சரக்கு' என்று கேட்டு வாங்கத் தொடங்கி, லோகநாதன் வீட்டு வாசலில் துணிச்சுருளோடு வரிசை நிற்கலாயிற்று. வந்தவர்கள் யாரும் கெட்டவர்களில்லை. குழந்தைக்கு ஆப்பிளும் ஜவ்வரிசியும் வாங்கிவந்தார்கள். காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள்.

குழந்தை தூங்கவில்லை.

அதைக் கண்டுபிடித்தது மைனா. பால் குடித்துக் கண்ணை மூடும், உடனே திடுக்கிட்டுத் திறக்கும், அழும். இருட்டு என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. கண்ணை மூடினால் இமைக்கு உள்ளேயும் பகல்தான். கறுப்புத் துணியைப் போர்த்திப் பார்த்தார்கள். துணி வெளியே இருப்பவர்களுக்குத்தான் இருட்டு. நாளுக்கு நாள் அது வற்றிப்போய், கை கால் குச்சியாக, கண் மட்டும் பெரிதாக ஆனது. வெளிச்சம் மட்டும் குறையவில்லை.

கோகிலவாணி ஆய்வுக்கூடத்துக்குப் போய்த் தன் படிகங்களில் ஒன்றை எடுத்து, பால்கனியில் பிடித்துவைத்திருந்த மழைத்தண்ணீரில் ஒரு சொட்டை அதன்மேல் விட்டாள். அது மங்கி, மஞ்சளாகி, கரைந்து அணைந்தது. பெரோவ்ஸ்கைட்டுக்கு நல்ல தண்ணீர்தான் எமன் என்பது அந்தத் துறையில் யாருக்கும் தெரிந்த விஷயம். வருஷக்கணக்காக அவளே அதைக் குறையென்று திட்டியிருக்கிறாள். இப்போது அந்தக் குறையைக் கும்பிட்டாள்.

அவள் தங்கை வீட்டுக்குப் போனபோது வாசலில் வழக்கம் போல வரிசை நின்றது. உள்ளே கிட்டுசாமி ஒரு ரோஜா நிறத் துணியைத் தொட்டிலுக்கு நேரே விரித்துப் பிடித்திருந்தார். குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. மைனா அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அழுதாப் பரவால்ல சாமி" என்றார் கிட்டுசாமி பரிவாக. "அம்மிணி, கொழந்தைய மட்டும் சித்தே இந்தப் பக்கமாத் திருப்பிப் புடிச்சுக்க. உன்ற நெழலு துணி மேல உழுகுது."

மைனா அவரைப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள். அதன்மேல் விழுந்திருந்த தன் நிழலையும், நிழலின் தோளில் துடித்துக்கொண்டிருந்த வெள்ளையையும் பார்த்தாள். அவர் சொன்னபடியே திருப்பிப் பிடித்தாள். ரோஜா நிறம் சரியாக இருந்தது. அவர் போன பிறகு கதவைத் தாழிட்டுவிட்டு அக்காவிடம் திரும்பினாள். அவள் முகம் அப்படி இருந்து கோகிலவாணி பார்த்ததேயில்லை.

"எங்கியாவது கூட்டிட்டுப் போக்கா. எங்கியாவது."

உச்சிவெயிலில் கிளம்பினார்கள். அந்த நேரத்தில் மட்டும்தான் குழந்தையின் வெளிச்சம் யார் கண்ணுக்கும் தெரியாது. சித்திரை வெயில் தார்ரோட்டை உருக்கிக்கொண்டிருக்க, ஊர் சாப்பிட்டுவிட்டு அசந்திருக்க, இரண்டு பெண்கள் ஒரு குழந்தையோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்ததை வெள்ளரிக்காய் விற்பவர் மட்டும் பார்த்தார். அவருக்கும் அது மற்றக் குழந்தைகளைப் போல ஒரு குழந்தையாகத்தான் தெரிந்தது.

மலைமேல் தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் கோகிலவாணியோடு படித்தவள் ஒருத்தி டீச்சராக இருந்தாள். அவளுடைய தகரக் கூரை வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தாள். அங்கே மழை, சொன்ன சொல் கேட்கிற மழையல்ல. வந்தால் விடாமல் நின்று பெய்யும். மைனா கூரைத்தண்ணீரைப் பிடித்துக் காய்ச்சிக் குடித்தாள், ஊற்றுத்தண்ணீரைக் குடித்தாள், அந்தப் பாலைக் குழந்தை குடித்தது. கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் பழுத்தது. வெள்ளை சந்தன நிறமாகி, பிறகு ராத்திரியில் மூடிவைத்த அடுப்பின் கங்கு மாதிரி ஆனது. குழந்தை முதலில் அரைமணி நேரம் தூங்கியது. பிறகு ஒருபொழுது. மைனா அதற்கு, அப்பா வைக்காமல் போன மூன்றாவது பேரை வைத்தாள்: சிட்டு.

சிட்டு கொழுகொழுவென்று ஆகத் தொடங்கிய சமயத்தில் லோகநாதன் வந்து சேர்ந்தான். வெள்ளரிக்காய்க்காரர் சொல்லி, பஸ் கண்டக்டர் சொல்லி, எப்படியோ வழி கண்டுபிடித்து, மழையில் தொப்பலாக நனைந்து, கையில் ஒரு கேனோடு வாசலில் நின்றான். குழந்தையைப் பார்த்ததும் ஈரக்காலோடு உள்ளே ஓடிவந்தான்.

"என்னுங்க்கா, கொழந்தை அணைஞ்சிட்டிருக்குது! பாத்துட்டு உக்காந்திருக்கறீங்களே!"

"அணையலீங்க தம்பி. தேறிட்டிருக்குது. கன்னத்தப் பாருங்க."

அவன் கன்னத்தைப் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து அவன் தன் மகளை வெளிச்சமாகத்தான் பார்த்திருக்கிறான். வெளிச்சம் குறைந்தால் உயிர் குறைகிறது என்பதைத் தவிர அவனுக்கு வேறென்ன தெரியும்? "அம்மா சொல்லுச்சு, தண்ணி மாறுனதுதான் கேடுன்னு. நம்ம ஊர்த்தண்ணி கொண்டாந்திருக்கறேன். வழியில நான் ஒரு வாய் குடிக்கல. மைனா, ஒரு டம்ளர் குடி. கொழந்தைக்காகக் குடி" என்று கேனை நீட்டினான். அவன் கெஞ்சியதைப் பார்க்கக் கோகிலவாணிக்கு அவன்மேல் கோபம் வரவில்லை, துக்கம்தான் வந்தது.

மைனா கேனை வாங்கிக் கீழே வைத்தாள். துண்டு எடுத்துக் கொடுத்தாள். "ஊருல என்ன நடக்குது?" என்றாள்.

"என்ன நடக்கும். சரக்கெல்லாம் நிக்கிது. தலைவர் உம்மேல கோவமா இருந்தாரு, இப்ப இல்ல. 'போனாப் போகட்டும், ஒண்ணு பொறந்த ஊருல இன்னொண்ணு பொறக்காதா'ன்னு சொல்லீட்டாரு. ஊருல இருக்கற புள்ளத்தாச்சிகளுக்கெல்லாம் சங்கத்துல இருந்தே தெனம் தண்ணி ஊத்தறாங்க. வாய்க்கா வீதித் தண்ணியும் கோட்டமேட்டுத் தண்ணியும் கலந்து, மஞ்சத்துணி கட்டி, குடத்துல. பழனிமல பாத்துக் கலக்கறாரு. அவங்களும் சந்தோசமாத்தான் வாங்கிக் குடிக்கறாங்க."

கோகிலவாணி அந்தக் கேனைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

மசங்குகிற நேரம். மலையில் மின்சாரம் போவதும் மழை வருவதும் சேர்ந்தே நடக்கும். பல்பு ஒருமுறை துடித்துவிட்டு அணைந்தது. வாசல் கதவைக் காற்று சாத்தியது. அறையில் இருட்டு வந்தது. மூலை முடுக்கு பாக்கியில்லாமல் வந்தது. தகரத்தில் மழை விழும் சத்தம் மட்டும்.

"மைனா!" லோகநாதன் குரல் பதறியது. "கொழந்தை எங்க? தெரியலயே! மைனா, கொழந்தை தெரியலயே!"

பாயில் ஏதோ நகர்ந்தது. மைனா இருட்டிலேயே கணவனின் கையைத் தேடிப் பிடித்து, இழுத்துக் கொண்டுபோய், ஓரிடத்தில் வைத்தாள். "இங்கதான் இருக்கறா. தொட்டுப் பாருங்க. சத்தம் போடாதீங்க, தூங்கறா."

அவன் கைக்கு அடியில் ஒரு சின்ன நெஞ்சு ஏறி இறங்கியது. வெகுநேரம் அவன் அந்தக் கையை எடுக்கவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சினான். "எனக்குக் கொஞ்சம் தண்ணி குடு" என்றான். மைனா கூரைத்தண்ணீர்ப் பானையிலிருந்து மொண்டு கொடுப்பதையும், அவன் மடக்கு மடக்கென்று குடிப்பதையும் கோகிலவாணி கேட்டுக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் அவள் அந்தக் கேனைத் தூக்கிக்கொண்டு கொட்டுவதற்கு வெளியே போனாள். வாசலில் கொட்டினால் சரிவில் இறங்கி ஓடைக்குப் போகும். தேயிலைக்குள் கொட்டினால் ஊற்றுக்குப் போகும். பாறையில் கொட்டினாலும் அடுத்த மழை அதை வழித்து எடுத்துக்கொண்டு எந்த வீட்டுப் பானைக்காவது கொண்டுசேர்க்கும். மலை முழுக்கச் சுற்றியும் அதைக் கொட்ட ஓரிடம் அவளுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு தலைமுறையாக ஒரு ஊரே யோசிக்காமல் கொட்டியதை, ஒரு கேன் அளவுகூடக் கொட்ட இடமில்லாமல் அவள் நனைந்துகொண்டு நின்றாள். பிறகு மூடியை இறுகத் திருகினாள். ஆய்வுக்கூடத்தில், உள்ளதைக் காட்டுகிற விளக்குகள் இன்னும் இருந்தன. ஊரில் மஞ்சள் துணி கட்டிய குடங்களும், அவற்றைச் சந்தோஷமாக வாங்கிக் குடிக்கிற வயிறுகளும் இருந்தன. 'பொறகு பேசிக்கலாம்' என்று அவள் தள்ளிவைத்த பேச்சு அங்கேதான் கிடந்தது. அதைப் பேசிவிட்டு வருகிறேன் என்று தங்கையிடம் சொல்லிக்கொண்டு, கீழே போகிற முதல் பஸ்ஸில் கேனை மடியில் வைத்து உட்கார்ந்தாள்.

பஸ் அடிவாரத்துக்கு இறங்க இறங்க வெயில் ஏறியது. பக்கத்து இருக்கையிலிருந்த வயசானவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேனைப் பார்த்தார்.

"தண்ணிங்களா அம்மிணி?"

"ஆமாங்க. எங்க ஊர்த்தண்ணி."

"ஒரு வாய் குடுங்க. நாக்கு ஒட்டிக்கிச்சு."

கோகிலவாணி கேனை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லீங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். எதிரிலிருந்தவர்களும் பார்த்தார்கள். தண்ணீர் கேட்டவருக்கு இல்லையென்று சொன்ன மனுஷியைப் பார்க்கிற பார்வை அது. அவள் வம்சத்தில் யாரும் அதுவரை அந்தப் பார்வையை வாங்கியதில்லை. அவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடக் கையை எடுக்காமல், ஊர் வரும்வரை அந்த மூடியை அழுத்திப் பிடித்தபடியே வந்தாள்.